பாத்திரம் துலக்கும் இயந்திரமும் அதன் பலகையும்

பாத்திரம் துலக்குதல் நம் இல்லங்களில் நெடுங்காலமாகக் கையின் வேலையாகவே இருந்து வந்திருக்கிறது. சாம்பலும் புளியும் தேங்காய் நாரும் போய்ச் சோப்புக் கட்டியும் கம்பி நாரும் வந்தன. கை மட்டும் மாறவில்லை. மேனாட்டில் இதற்கு இயந்திரம் காணும் முயற்சி பழையது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் என்னும் அம்மையார், தட்டுகளைக் கம்பிச் சட்டங்களில் நிறுத்தி, நீரைப் பீய்ச்சிக் கழுவும் கருவிக்கு 1886-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அக்கருவி இடம் பெற்றது. நம் நாட்டிலோ, 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் வீட்டு வேலைக்கு வருவோர் வர இயலாமற் போனபோதுதான் டிஷ்வாஷர் பலருடைய சமையலறைக்குள் நுழைந்தது. பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்று இது புதுமைப் பொருள் அன்று.

அதன் பெருமையை இன்று நாம் பேசப் போவதில்லை. அது திடீரென்று நின்றுவிட்டால் செய்யத்தக்கது யாது என்பதே நம் பேச்சு.

நின்றுவிட்ட இயந்திரத்தைப் பார்க்க வருபவர் முதலிற் கூறுவது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: “போர்டு போய்விட்டது.” போர்டு என்பது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை. அதன் விலை பல ஆயிரம் ரூபாய். கேட்டவுடன் சிலர் கொடுத்துவிடுகின்றனர். சிலர் இயந்திரத்தையே பழைய பொருள் வாங்குபவரிடம் தள்ளிவிடுகின்றனர். இந்த இரண்டிற்கும் முன்னால், பலகை உண்மையிலேயே குற்றவாளிதானா என்று விசாரித்தல் வேண்டும்.

பழைய இயந்திரங்களில் பலகை இல்லை. சிறிய மோட்டாரால் மெல்லச் சுழலும் பற்களையுடைய உருளை ஒன்று, இத்தனை நிமிடம் நீர், இத்தனை நிமிடம் சூடு என்று ஸ்விட்சுகளை முறையே அழுத்திச் செல்லும். அதற்கு எதையும் கேட்டறியும் ஆற்றல் குறைவு. இன்றைய பலகையோ கேட்டறிந்து செயற்படுவது. கதவு மூடியதா, நீர் வந்ததா, எவ்வளவு சூடேறியது, அழுக்கு நீர் வெளியேறியதா, அடித்தட்டில் கசிவு உண்டா என்றெல்லாம் பல உணர்விகள் அதற்குச் செய்தி அனுப்புகின்றன. அச்செய்திகளை வைத்தே அது பம்பையும் ஹீட்டரையும் ஏவுகிறது. ஒரு செய்தி தவறினாலும் வேலையை நிறுத்தி, முகப்பில் ஓர் எழுத்தையும் எண்ணையும் காட்டி நின்றுவிடும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போருக்கு இந்நிலை நன்கு தெரிந்ததே. மூலத்தில் இருக்கும் பிழைக்கு முதலில் ஏச்சு வாங்குபவன் மொழிபெயர்ப்பாளன் அன்றோ?

எம் குடியிருப்பில் வாழும் முதிய தம்பதியர் வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்லலாம். அவ்வீட்டு அம்மையாருக்கு மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்குவதில்லை. இயந்திரம் அவருக்கு ஆடம்பரம் அன்று. ஒருநாள் அது பொத்தானை அழுத்தியதும் கழுவாமல், நீரை வெளியேற்றும் பம்பை மட்டும் ஓயாது ஓட்டிக்கொண்டிருந்தது. பழுது பார்க்க வந்தவர் பலகை கெட்டது என்றும், புதிய இயந்திரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கு ஆகும் என்றும் எழுதிக் கொடுத்துச் சென்றார். தம்பதியர் அதை விற்றுவிடுவதென்றே முடிவு செய்துவிட்டனர். பின்னர் அறிமுகமான மெக்கானிக் ஒருவர் வந்தார். திருகாணியைத் தொடுவதற்கு முன்பே, ஓட்டம் நிற்காத அப்பம்பின் ஓசையைச் சற்றுக் கேட்டார். “போர்டு சரியாகத்தான் இருக்கிறதம்மா. கீழே தண்ணீர் நிற்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது” என்றார். முன்புற அடித்தகட்டைக் கழற்றினால், அடித்தட்டில் விரற்கடை ஆழத்திற்கு நீர் நின்றது. அங்குள்ள மிதவை அந்நீரில் எழும்பி ஸ்விட்சை அழுத்தியிருந்தது. வீட்டில் வெள்ளம் புகாதிருக்க, நீர் வரும் வழியை அடைத்துப் பம்பை ஓட்டுமாறு பலகைக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. அது விதிப்படியே நடந்தது. ரப்பர்க் குழாய் ஒன்றின் பிடிவளையம் தளர்ந்ததே கசிவுக்குக் காரணம். நீரைத் துணியால் ஒற்றியெடுத்து, வளையத்தை இறுக்கியதும் இயந்திரம் ஓடிற்று.

ஆகவே விசாரணைக்கு ஒரு வரிசை வேண்டும். மின்செருகியைப் பிடுங்கிச் சில நிமிடம் கழித்து மீண்டும் செருகிப் பார்ப்பது முதற்படி. பலகையிலுள்ள நுண்கணிப்பான் சிக்கி நின்றிருந்தால் இதனாலேயே விடுபடும். இயந்திரத்திற்கு 16 ஆம்பியர் செருகுவாய் தேவை. வாடகை வீடுகளில் சிறிய செருகுவாயில் மாற்றுச் செருகியை வைத்து ஓட்டி, அது கருகிப் போனதை நாம் கண்டதுண்டு. பிறகு நீர்க்குழாய் திறந்திருக்கிறதா, அது இயந்திரத்தில் நுழையுமிடத்திலுள்ள சிறு வலையில் மணல் அடைத்திருக்கிறதா, உட்புற வடிகட்டியில் கறிவேப்பிலையும் கடுகும் தேங்கியிருக்கின்றனவா, கழிவுக் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். கதவின் தாழ் ‘கிளிக்’ என்று விழாவிட்டால் பலகை எதையும் தொடங்காது. இவ்வளவும் வீட்டாரே செய்யத்தக்கவை.

அடுத்தது மல்டிமீட்டர் கொண்டு அளப்பது. மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு பாகத்தின் கம்பியையும் கழற்றி அதன் மின்தடையைத் தனியே அளக்கலாம். 230 வோல்ட்டில் 2000 வாட் சூடு தரும் ஹீட்டருக்கு ஏறக்குறைய 26 ஓம் இருக்கவேண்டும் என்பது எளிய கணக்கு. முடிவிலி காட்டினால் ஹீட்டர் அறுந்தது, பலகைக்குப் பழியில்லை.

இங்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கழிவு நீர்ப் பம்பின் சுருள் உட்குறுக்கு ஏற்பட்டால், அதை இயக்கும் டிரயாக் என்னும் சிறு பாகம் பலகையில் எரிந்துவிடும். அப்போது பலகை கெட்டது என்பது உண்மையே. ஆனால் அதைக் கெடுத்தது பம்பு. பம்பைச் சோதியாமல் புதுப் பலகையை மாட்டினால், முதல் ஓட்டத்திலேயே அதுவும் எரியும். இரண்டு பலகைகளுக்குப் பணம் கட்டிய வீடுகள் உண்டு. ‘பலகை ஏன் எரிந்தது?’ என்னும் வினாவிற்கு விடை கிடைக்காமல் புதியதை மாட்ட விடலாகாது.

பெங்களூருக்கென்று சில தொல்லைகள் தனியே உண்டு. காவிரி நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றி வரப்படுவது. அது எட்டாத இடங்களில் ஆழ்துளைக் கிணறும் டாங்கர் லாரியுமே துணை. 2024-ஆம் ஆண்டுக் கோடையின் தட்டுப்பாட்டை யாரும் மறந்திரார். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஏற்கத்தக்கதெனக் கூறும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாதபோது 600 வரை. கிணற்று நீர் அந்த முதல் எல்லையைத் தாண்டுவது அரிதன்று. இயந்திரத்தினுள் உப்பிட்டு நீரை மென்மையாக்கும் அறை இருக்கிறது. ஆயினும் நீரின் கடினத்திற்கேற்ப அதன் அளவை நாம்தான் திருத்தி வைக்கவேண்டும். திருத்தாவிடில் கண்ணாடிக் குவளைகளில் வெண்படலம் படியும். ஹீட்டரிலும் உணர்வியிலும் சுண்ணாம்பு ஏறி, சூட்டைப் பற்றிப் பொய்ச் செய்தி போகும். இன்னொன்று மின்சாரம். மூன்று முனை இணைப்புள்ள கட்டடங்களில் நடுக்கம்பி அறுந்தால், 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கி வரக்கூடும். அப்பொழுது பலகையிலுள்ள காப்புறுப்பு தன்னைப் பலியிட்டு வெடிக்கும். எறும்பும் கரப்பானும் வெதுவெதுப்பை நாடிப் பலகையில் குடியேறுவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் சோதித்த பின்னரும் குற்றம் பலகையில்தான் என்றால் அதைக் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: இப்பலகைகள் பலவற்றில் 5 வோல்ட் பகுதிகூட வீட்டு மின்சாரத்தினின்று பிரிக்கப்படாதது, தொட்டால் உயிருக்கே கேடு. செருகியைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கும். ஆதலின் பலகை வேலை தேர்ந்தவரிடமே போகவேண்டும். அவர் பார்ப்பது மூன்று நான்கு இடங்களையே: மேல் உப்பிய கெப்பாசிட்டர், கருகிய ரிலே, ரிலேயின் கால்களைச் சுற்றி வளையமாக வெடித்த பற்றவைப்பு, எரிந்த டிரயாக். ஹீட்டரின் எட்டு ஒன்பது ஆம்பியரை நாள்தோறும் சுமப்பது அந்த ரிலேதான். இவற்றை வாங்க எஸ்.பி. ரோடு எனப்படும் சதர் பத்திரப்பா சாலைக் கடைகள் பெங்களூராருக்கு அருகிலேயே இருக்கின்றன. ஒரு ரிலேயின் விலைக்கும் முழுப் பலகையின் விலைக்கும் உள்ள தூரம், காப்பிக்கும் கல்யாணச் சாப்பாட்டிற்கும் உள்ள தூரத்தினும் பெரிது.

நுண்கணிப்பானே பழுதாயின் புதுப் பலகை அன்றி வழியில்லை. அது கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாதிரியின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பின்னும் குறைந்தது 7 ஆண்டுகளுக்கு, பலகை போன்ற உதிரிகளைத் தொழில்முறைப் பழுதுபார்ப்போருக்குத் தரவேண்டும் என்று விதித்திருக்கின்றனர். நம் நாட்டில் நுகர்வோர் நலத்துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையத்தளமும் தொடங்கப்பெற்றது. வாங்கும்போதே, உதிரிகள் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கடைக்காரரைக் கேட்டு, விடையை விற்பனைச் சீட்டில் எழுதி வாங்குவது நல்லது.

பலகை மாற்றுவதென்று முடிவானால், எந்தெந்தப் பாகங்களை அளந்தார், என்ன எண் வந்தது என்று மெக்கானிக்கிடம் சீட்டில் குறித்துத் தரச் சொல்லலாம். உத்தரவாதக் காலம் முடிந்திருப்பின், கழற்றிய பழைய பலகையையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்க. அதன் எரிந்த ரிலேயை மாற்றினால், பிறிதொரு நாள் அதுவே மாற்றுப் பலகையாக உதவக்கூடும்.