ஜோ லூயிஸின் கை

குத்துச்சண்டைக்காரனைப் பத்திப் பேசப்போறேன்னு சொன்னதும் முகம்மது அலின்னுதான் நினைச்சிருப்பீங்க. அலியைப் பத்திப் பேசுறது சுலபம், அவருக்கு வாய் இருந்தது. நான் பேச வந்தது, வாயைத் திறக்காதேன்னு சொல்லி வளர்க்கப்பட்ட ஒருத்தரைப் பத்தி. ஜோ லூயிஸ்.

1914இல் அலபாமாவின் பருத்திப் பூமியில், வாரத்துக்குப் பயிர் வைத்த குடும்பத்தில் பிறந்தவர். அடிமைகளின் பேரன். 1926இல் குடும்பம் டெட்ராய்ட்டுக்குப் பிழைக்கப் போனது. வயலின் கத்துக்கோன்னு அம்மா கொடுத்த காசைக் குத்துச்சண்டைக் கூடத்தில் கட்டினார் பையன். 1932இல் முதல் அமெச்சூர் சண்டை. எதிரில் ஒலிம்பிக் தரத்து ஆள். பலமுறை கீழே விழுந்து எழுந்து தோற்றார். ஆனால் 1934இல் அமெச்சூர் காலம் முடிஞ்சபோது கணக்கு இப்படி: 54 சண்டை, 50 வெற்றி, அதில் 43 பேரை மேடையிலேயே சாய்த்திருந்தார். அதே வருஷம் ஜூலை 4, சிகாகோவில் தொழில்முறைச் சண்டை. கிடைத்தது 59 டாலர்.

இங்கேதான் நம்ம விஷயம் வருது. அவருடைய மேலாளர் ஜான் ராக்ஸ்பரோ, அவரும் கறுப்பர், சில விதிகள் போட்டார். வெள்ளைக்காரப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. தனியாக இரவு விடுதிக்குப் போகக் கூடாது. விழுந்தவன் முன்னால் நின்று கொண்டாடக் கூடாது. கேமரா முன்னால் முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது.

ஏன்? ஜாக் ஜான்சன். 1908இல் ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் கறுப்பர். அடித்துக்கொண்டே சிரித்தார், கேலி பேசினார், வெள்ளைப் பெண்களை மணந்தார். 1910இல் ரினோ நகரத்தில் ஜெஃப்ரிஸை அவர் வீழ்த்திய அன்று ஊர் ஊராக வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்கள்மீது பாய்ந்தன, உயிர்கள் போயின. 1913இல் பெண்ணைக் கடத்தினார் என்று தண்டித்தார்கள். மன்னிப்பு வந்தது 2018இல், செத்து 72 வருஷம் கழிச்சு. 1915இல் அவர் தோற்ற பிறகு 22 வருஷம் எந்தக் கறுப்பனையும் அந்தப் பட்டத்துக்கு மோதவே விடவில்லை.

ஆகவே ராக்ஸ்பரோவைச் சமரசவாதின்னு நாம ஒரு வார்த்தையில் முடிச்சிட முடியாது. கதவு எந்த அகலத்துக்குத் திறக்கும்னு அளந்து வெச்சிருந்த ஆள் அவர். வங்கியில் சேர்ந்த புதுசில் ஓர் அதிகாரி என்னிடம் சொன்னார், ‘உன்னைப் பார்த்தா அந்த ஆளுங்க மாதிரியே தெரியலப்பா’ என்று. பாராட்டாம். நானும் சிரிச்சு வெச்சேன். அந்த விதிகளைப் படிச்சப்போ எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது.

1936இல் ஜெர்மன்காரர் ஷ்மெலிங்கிடம் 12ஆம் சுற்றில் விழுந்தார். 1937இல் பிராடாக்கை வீழ்த்திப் பட்டம். அதற்கும் ஒரு விலை: போட்டி நடத்தியவரின் லாபத்தில் பத்து வருஷத்துக்குப் பத்து சதவீதம் பிராடாக் பக்கத்துக்கு. 1938 ஜூன் 22இல் மறுபடியும் ஷ்மெலிங். 124 விநாடியில் முடிஞ்சது. ஹார்லெம் தெருவில் இறங்கி ஆடியது. ஹிட்லரின் இனவாதத்துக்கு அடின்னு வெள்ளை அமெரிக்காவும் கைதட்டியது. தன் தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களுக்குத் தனி இருக்கை, தனிக் குழாய் வெச்சிருந்த அதே அமெரிக்கா.

1942 ஜனவரியில் தன் பட்டத்தையே பணயம் வைத்துச் சண்டை போட்டு, வந்த பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்தார். கறுப்பர்களைச் சாப்பாட்டுக்கூட எடுபிடிகளாக மட்டுமே சேர்த்துக்கொண்டிருந்த கடற்படை அது! இதை நான் அவருக்காக நியாயப்படுத்த வரலை. ஆனா இன்னொன்றும் இருக்கு. ராணுவத்தில் இருந்தபோது, கறுப்பர் என்பதால் அதிகாரிப் பயிற்சியில் இழுத்தடிக்கப்பட்ட ஜாக்கி ராபின்சனுக்காகத் தன் செல்வாக்கைப் பயன்படுத்திக் கதவைத் திறக்கவைத்தார். 1947இல் பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த அதே ராபின்சன்தான்.

25 முறை பட்டத்தைக் காத்து 1949இல் ஓய்வு பெற்றார். அப்புறம் வரிக் கடன். நான் பேரேடு பார்க்கிறவன், இது எனக்குப் புரியும். 1950 வாக்கில் பாக்கி ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. பெரிய வருமானத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் வரி விழுந்த காலம். சம்பாதித்தால் அதற்கும் வரி, பழசுக்கு வட்டி. ஏறவே முடியாத கிணறு. இத்தனைக்கும் பஞ்ச காலத்தில் குடும்பம் வாங்கிய அரசு நிவாரணத்தை டெட்ராய்ட் நகரத்துக்குத் திருப்பிக் கட்டிய மனுஷன்! கடனுக்காக மறுபடி மேடை ஏறினார். 1950இல் சார்லஸிடம் தோல்வி. 1951இல் மார்சியானோ எட்டாம் சுற்றில் கயிற்றுக்கு வெளியே தள்ளினார், 37 வயதில். 1956இல் காசுக்கு மல்யுத்தம். கடைசி வருஷங்களில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியில் வாடிக்கையாளர்களுக்குக் கைகொடுத்து வரவேற்கும் வேலை. 1981இல் இறந்தார்.

1986இல் டெட்ராய்ட்டில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் வைத்தார்கள். 24 அடி நீள வெண்கலக் கை, முஷ்டி மடக்கியது, கையுறை இல்லாமல். முகம் கிடையாது. படம் கொண்டாந்திருக்கேன். கூட்டம் முடிஞ்சதும் பார்க்க வாங்க.