நடையும் நடனமே: வால்டா செட்டர்ஃபீல்டு



இளமை கழிந்தால் ஆடலும் முடிந்தது என்பது நடன உலகின் எழுதாச் சட்டம். அச்சட்டத்தைத் தம் வாழ்வாலேயே மறுத்தவர் வால்டா செட்டர்ஃபீல்டு.

1934-இல் இங்கிலாந்தின் மார்கேட் நகரில் பிறந்து, பாலே பயின்ற அவர், 1958-இல் நியூயார்க் சென்றார். மெர்ஸ் கன்னிங்ஹாம் குழுவில் ஆடினார். 1962-இல் அந்நகரின் ஜட்சன் தேவாலயத்தில் கூடிய இளங்கலைஞர்கள், நடப்பதும் அமர்வதும்கூட நடனமே என்றனர். பின்நவீனத்துவ நடனம் அங்கே கருக்கொண்டது. அவர்களுள் ஒருவரான டேவிட் கோர்டன், வால்டாவின் கணவர். 1970களில் கோர்டன் அமைத்த 'நாற்காலி' என்னும் ஆடலில் இருவரும் ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு அமர்ந்தனர், எழுந்தனர், ஏறினர், இறங்கினர். அணிகளைக் களைந்த அவ்வாடலில் கவனமே கலையாயிற்று.

அக்கவனமே அவரை நடிகையாகவும் ஆக்கியது. இவோன் ரெய்னரின் 1972ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் தோன்றினார். 1991-இல் கோர்டனின் நாடகத்தில் ஓவியர் மார்செல் துஷாம்பாக நடித்தார். 2014-இல், எண்பதை எட்டும் வேளையில், ஜான் ஸ்காட்டின் நடன நாடகத்தில் லியர் மன்னரானார். மூன்று ஆடவர் மகள்களாயினர். நாடு இழந்த கிழவனின் தளர்ச்சிக்கு ஒப்பனை வேண்டியிருக்கவில்லை. முதிர்ந்த உடலே அதற்கு மொழியாயிற்று.

2023-இல் அவர் மறைந்தார். எளிய சொல்லை நம்பும் கவிஞர்க்கு, எளிய அசைவை நம்பிய அவர் உறவினரே.