கையும் முகமும் பேசும் மொழி

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



1924ஆம் ஆண்டு வெள்ளம் மூணாற்றுச் சிறு இரயில் பாதையை அழித்த பின் வண்டியோசையே கேளாத இம்மலைப் பகுதிக்கு இரயில்வே எழுத்தரை அழைத்திருக்கிறீர்கள். நன்றி.

நம் துறையிலும் சைகை உண்டு. செங்கொடி இல்லாதபோது இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினால் வண்டி நிற்க வேண்டும். காட்டுபவர் சிரித்தாலும் சினந்தாலும் பொருள் ஒன்றே. காது கேளாதோரின் சைகை மொழி அத்தகையதன்று. கை சொல்லைக் காட்ட, புருவமும் கண்ணும் தலையசைவும் அது வினாவா, மறுப்பா என்பதைக் காட்டுகின்றன. 'வந்தான்' என்பதை 'வந்தானா' என்று ஆக்கும் 'ஆ' நமக்கு நாவில் இருக்கிறது. அவர்களுக்கு முகத்தில் இருக்கிறது. அது வெறும் அபிநயமன்று, அமைப்புடைய மொழியே என்று அமெரிக்க அறிஞர் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் ஆராய்ந்து காட்டினார்.

இம்மொழியைக் கணிப்பொறிக்குக் கற்பிக்கும் முயற்சி சென்னையிலும் நடந்துள்ளது. ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் 263 சொற்களுக்கு 4,287 காணொளிகளைத் தொகுத்து, 'இன்குளூட்' என்று பெயரிட்டு வெளியிட்டனர். இத்தகைய முயற்சிகளில் பயன்படும் ஒரு முறை கேளுங்கள். ஒவ்வொரு கையிலும் மூட்டு, விரல்நுனி என 21 புள்ளிகளையும், முகத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகளையும் பொறி குறித்துக்கொள்கிறது. அவை கணந்தோறும் நகரும் வழியைப் பல முறை கண்டு பழகிச் சொல்லை ஊகிக்கிறது. கையை மட்டும் நோக்கும் பொறி வினாவையும் செய்தியையும் ஒன்றாக எண்ணி மயங்கும்.

அந்த 263 சொற்களில் நூற்றுக்கு 85 அளவில் சரியாகக் கண்டது. நல்ல மதிப்பெண்தான். ஆயினும் டில்லியிலுள்ள இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 2021இல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் உள! மேலும், தனிச்சொல் வேறு, தொடர்ந்த பேச்சு வேறு. புள்ளியிடாத ஏட்டுச் சுவடியைப் படிப்பவர்போல, ஒரு சொல் எங்கே முடிகிறது என்று பொறி திகைக்கிறது.

சின்னக்கானல் லயம் ஒன்றில் காது கேளாத குழந்தை பிறந்தால், தாயும் சேயும் தமக்குள் சில சைகைகளை ஆக்கிக்கொள்வர். அவற்றை நகரத்துப் பொறி அறியாது, பள்ளியும் அறியாது. மருத்துவமனைக்கும் நம் சீட்டுச் சாளரத்துக்கும் பொறி வரட்டும், வரவேற்போம். ஆனால் மொழி ஊன்றும் முதல் ஐந்தாண்டுகள் அதற்காகக் காத்திரா. அக்குழந்தையின் வீட்டாரும் அண்டை வீட்டாரும் இன்றே சைகை கற்றல் வேண்டும்.

அவ்வகராதியின் காணொளிகளைக் கைப்பேசியில் கட்டணமின்றிக் காணலாம். ஞாயிறுதோறும் வாசகசாலையில் ஒரு மணி நேரம் அவற்றைக் காட்டச் சங்கத்தார் ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறோம்.