பீலி ஒழுகினால் முதலில் பொருத்தைப் பாருங்கள்

(மாரிக்கு முன்னரான நலன்புரிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





மாரி தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. நமது கிழக்குக் கரையில் வருட மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரையில்தான் பெய்கிறது. அந்த மாதங்களில் அலுவலகத்துக்கு வரும் விண்ணப்பங்களில், "பீலி ஒழுகுகிறது, புதுப் பீலி போட உதவுங்கள்" என்பதும் ஒன்று. போய்ப் பார்த்தால் பல வீடுகளில் பழுதாகியிருப்பது பீலி அல்ல; இரண்டு துண்டுகள் சேரும் பொருத்துத்தான்.

பொருத்தில் சொட்டுவது சின்ன விடயமாகத் தெரியலாம். கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் தண்ணீர். 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 5,000 லீற்றர். அதில் ஒரு பங்கு ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தால் நமது மணல் நிலத்தில் அத்திவாரத்தின் ஓரம் அரிபடும். சுவர் ஊறும், பீலியைத் தாங்கும் பலகை உக்கும். ஊறிய சுவரில் மின்சார சுவிட்ச் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. நமது ஊரில் வீடுகள் நெருக்கமானவை. நமது பீலி ஒழுகினால் ஊறுவது பல நேரம் பக்கத்து வீட்டுச் சுவர். கணவனை இழந்த ஒரு சகோதரி இதனாலேயே அயல் வீட்டாரோடு இரண்டு மாரி பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார். முழுப் பீலியையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னதால், கையில் காசில்லாமல் அப்படியே விட்டுவிட்டார். நமது இளைஞர்கள் ஏறிப் பார்த்தபோது ஒழுகியது மூன்று பொருத்துகள். ஒரு பகல் வேலையில் முடிந்தது. அடுத்த மழைக்கு அயல் வீட்டு ராத்தாவே வந்து, "இப்ப எங்கட சுவர் காய்ஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்டை வீட்டாரின் உரிமை என்று நாம் பேசுவது இப்படியான இடங்களில்தான் சோதிக்கப்படுகிறது.

இனி வேலையைச் சொல்கிறேன்.

முதலாவது, வெயில் நாளில் பீலியைச் சுத்தம் செய்து, மேல் முனையிலிருந்து வாளியால் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே ஒருவர் நின்று, சொட்டும் இடங்களைச் சோக்கினால் அடையாளமிடட்டும்.

இரண்டாவது, வாட்டத்தைப் பாருங்கள். 10 அடி நீளத்துக்குக் குறைந்தது கால் அங்குலமாவது இறங்கு குழாயின் பக்கம் சரிவு வேண்டும். நடுவில் தண்ணீர் தேங்கி நின்றால் தாங்கியைச் சற்று உயர்த்தி முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் எந்தப் பசையும் நெடுநாள் நிற்காது.

மூன்றாவது, பொருத்து. தகரப் பீலியானால் பழைய பசையைச் சுரண்டி முற்றாக எடுக்க வேண்டும். பழைய சிலிக்கனின் மேல் புதிய சிலிக்கன் ஒட்டாது. பலர் காசை வீணாக்குவது இங்கேதான். கறளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். மேல் துண்டின் முனை கீழ்த் துண்டின் உள்ளே படிந்திருக்க வேண்டும். மாறியிருந்தால் ஓடும் தண்ணீர் இடுக்கினுள் புகும். இரண்டுக்கும் இடையில் பசை வைத்து, ரிவெட் அடித்து இறுக்கி, உட்புறத்தில் மீண்டும் பூசுங்கள். வினாகிரி மணமுள்ள சிலிக்கன் நாகம் பூசிய தகரத்தை அரிக்கும். கடையில் கேட்டுத் தகரத்துக்கு உகந்ததை வாங்குங்கள். பூசியபின் ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது.

பி.வி.சி. பீலி வெயிலில் நீளும். 4 மீற்றர் துண்டு 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் நீளும். ஆகவே துண்டுகளை முட்டமுட்ட நெருக்கிப் பொருத்த வேண்டாம். இணைப்பினுள் இறப்பர் இருந்தால், அது இறுகி வெடித்திருக்கிறதா என்று பார்த்து, அதை மட்டும் மாற்றினால் போதும்.

நான்காவது, மாரி முடியும்வரை வாரம் ஒருமுறை இலைகுப்பையை அள்ளுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தேங்கிய பீலி வீட்டாரின் கண்ணுக்குத் தெரியாத நுளம்புக் கிடங்கு.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். வயதானவர்கள் ஏணியில் ஏற வேண்டாம். ஏறுபவருக்குக் கீழே ஒருவர் ஏணியைப் பிடித்திருக்க வேண்டும். கூரையோரம் மின்கம்பி போகும் இடத்தில் அலுமினிய ஏணி வேண்டாம். அஸ்பெஸ்டஸ் ஷீட்டில் கால் வைக்க வேண்டாம். அது சொல்லாமல் உடையும். ஒரு சொட்டை நிறுத்தப் போய் ஓர் உயிரை இழக்கக் கூடாது.

தகர வேலை தெரிந்த சகோதரர்கள் தமது பெயரை அலுவலகத்தில் தாருங்கள். முதியோர் தனித்திருக்கும் வீடுகளையும், ஆண் துணையில்லாத வீடுகளையும் முதலில் பார்ப்போம். அப்படியான வீடு உங்கள் ஒழுங்கையில் இருந்தால், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே வந்து சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படுபவர்களின் வீட்டில்தான் பல வருடமாக ஒழுகிக்கொண்டிருக்கும்.