விளங்காத மொழியில் வாக்குமூலம்



சாதாரண குடிமகன் சட்டத்தை முதன்முதல் சந்திக்கும் இடம் பொலிஸ் நிலையம். அங்கே அவன் தமிழிற் கூறியது சிங்களத்தில் எழுதப்பட்டு, அவனுக்கு விளங்காமலே ஒப்பம் பெறப்படுமாயின், பின்னர் எந்த நீதிமன்றம் ஏறி என்ன பயன்?

சிங்கராசா வழக்கை நினைவு கூருவோம். 1993இல் கைதான அவருக்குத் தெரிந்த மொழி தமிழே. சிங்களத்தில் எழுதப்பட்ட குற்ற ஒப்புதலில் அவருடைய பெருவிரலடையாளம் இடப்பட்டது. அதனை ஆதாரமாகக் கொண்டு 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. மொழிபெயர்த்தவர்களும் பொலிஸாரே! நீதியான விசாரணைக்குரிய உரிமை மீறப்பட்டதென 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு தீர்மானித்தது.

சட்டத்தில் இடமில்லாமலா இந்நிலை? தமிழும் அரசகரும மொழியென 1987இலேயே அரசியலமைப்பில் எழுதப்பட்டது. 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையோ, எழுதப்பட்ட மொழி விளங்காதவருக்கு அவருக்கு விளங்கும் மொழியில் வாக்குமூலம் பெயர்த்துரைக்கப்பட வேண்டுமென்கிறது. விளக்கவும் மேலும் கூறவும் அவருக்கு உரிமையுண்டு.

ஆகவே நாம் அரசினரிடம் கேட்பது சலுகையன்று. தமிழர் கூறுவதைத் தமிழில் எழுதவல்ல உத்தியோகத்தர் வேண்டும். வழக்கை விசாரிப்பவரே மொழிபெயர்ப்பாளராகும் வழக்கம் ஒழிய வேண்டும்.

மக்களிடம் நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு: வாசித்து விளக்கும்படி கேளாமல் எந்தத் தாளிலும் ஒப்பமிடாதீர்கள். நீங்கள் இடும் ஒப்பமே நாளை உங்களுக்கெதிரான சாட்சியாகலாம்.