அழித்த படம் எங்கே போகிறது?

கல்யாண வீட்டில் எடுத்த படத்தைக் கேமராவில் தெரியாமல் அழித்துவிட்டால் மனசு பதறும், இல்லையா? பொறுங்கள். 32 ஜிபி வரையிலான மெமரி கார்டுகளில் வழக்கமாக இருப்பது ஃபேட் என்ற கோப்பு முறை. 1970-களில் பிறந்தது, இன்னும் ஓய்வு பெறவில்லை. படத்தைத் துண்டு துண்டாக எழுதி வைத்து, எந்தத் துண்டு எங்கே என்று தனி அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அழிக்கும்போது படத்தைத் தொடுவதே இல்லை. கோப்புப் பெயரின் முதல் எழுத்தை மாற்றி, அந்த இடம் காலி என்று அட்டவணையில் குறித்துவிடும். அவ்வளவுதான். சுத்தச் சோம்பேறித்தனம், ஆனால் நமக்கு லாபம். அடுத்த படம் அதே இடத்தில் வந்து உட்காரும்வரை பழையது அங்கேயேதான் இருக்கும். ஆகவே மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காதீர்கள். கார்டைக் கழற்றி, மீட்பு மென்பொருள் தெரிந்தவரிடம் கொடுங்கள்.