எந்தக் கடனை முதலில் அடைப்பது?

சிம்பாங் பூலாய் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை



சம்பள உயர்வைப் பற்றிப் பேசக் கூடுவதே நம் வழக்கம். இன்று, கைக்கு வந்த சம்பளம் எங்கே போகிறது என்பதைப் பேசுவோம். 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றிய நாள்முதல் காசு காசாகப் போராடிக் கூலியை உயர்த்தினோம். 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. அதை வாங்கி வட்டிக்காரனிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினால், அந்த வெற்றி யாருக்கு?

கடன் நமக்குப் புதிதல்ல. கப்பல் செலவையே கடனாகச் சுமந்து இறங்கியவர்கள் நம் முன்னோர். பிறகு கங்காணியின் கணக்கு வந்தது. கடைக்காரரின் பற்று வந்தது. இன்று பால்மரங்களை விட்டுக் கல்மலைக்கும் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போகிறோம். கடன் மட்டும் நம்மை விடவில்லை.

நாலு இடத்தில் கடன் இருக்கிறது. சம்பள நாளில் யாருக்கு முதலில் கொடுப்பது? வாசலில் நின்று சத்தம் போடுகிறவனுக்கே கொடுத்துப் பழகிவிட்டோம். சத்தத்தைப் பார்க்கலாகாது, வட்டியைப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் அரிசி, வாடகை, மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றுக்கு எடுத்து வையுங்கள். அடுத்தது, வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிளின் தவணை. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வண்டி போனால் வேலை போகும். வேலை போனால் எந்தக் கடனும் அடையாது.

இனி வட்டிக்கு வருவோம். ஒவ்வொரு இடத்திலும் 1,000 வெள்ளி கடன் என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் கடன் அட்டைக்கு வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வரை. அதாவது 180 வெள்ளி. அடகுக் கடையில் சட்டம் அனுமதிக்கும் வட்டி மாதம் நூற்றுக்கு 2. ஆண்டுக்கு 240 வெள்ளி. ஆலோங் மாதம் நூற்றுக்கு 10 கேட்டால், ஆண்டுக்கு 1,200 வெள்ளி! அத்தனையும் கொடுத்த பிறகும் முதல் 1,000 அப்படியே நிற்கும்.

ஆகவே வழி இதுதான். எல்லாக் கடனுக்கும் தவறாமல் கட்டவேண்டிய குறைந்த தொகையைக் கட்டுங்கள். மிஞ்சுவதை முழுவதும் வட்டி அதிகமான கடன்மீது போடுங்கள். அது தீர்ந்ததும், அதற்குக் கட்டிய பணத்தை அடுத்த கடனுக்குத் திருப்புங்கள். இரண்டு கடனுக்கு ஏறக்குறைய ஒரே வட்டியானால் சிறியதை முதலில் முடியுங்கள்; மனத்துக்குத் தெம்பு வரும்.

அடகு நகைக்கு மட்டும் வட்டியோடு தேதியையும் பாருங்கள். தவணை ஆறு மாதம். அதற்குள் மீட்கவேண்டும், அல்லது வட்டி கட்டிப் புதுப்பிக்கவேண்டும். 1,000 வெள்ளிக் கடனுக்காக அதைவிட மதிப்புள்ள தாலிக்கொடியை இழக்கலாமா?

வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுத்த மாமனும் மச்சானும் கடைசிதான். ஆனால் அவர்களிடம் ஒளியாதீர்கள். நேரில் போய், “இன்ன மாதம் தருகிறேன்” என்று சொல்லுங்கள். மாதம் 20 வெள்ளியாவது கொடுங்கள். வட்டி கேட்காதவரிடம் நாணயம் தவறுவது நமக்கு அழகல்ல.

ஒரு ஆலோங்கை அடைக்க இன்னொரு ஆலோங்கிடம் போகவே கூடாது. வங்கி அட்டையையும் அடையாளக் கார்டையும் ஈடாகக் கொடுக்காதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18-க்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். உரிமம் இல்லாதவனின் கடன் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்காது. மிரட்டினால் தனியாக நிற்காதீர்கள். சங்கத்தாரை அழைத்துக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள். வங்கிக் கடன் மீறிப்போனால், பேங்க் நெகாரா 2006-ல் ஏற்படுத்திய ஏ.கே.பி.கே. நிறுவனத்தை நாடுங்கள். தவணையைத் திருத்தியமைக்க உதவுவார்கள், கட்டணம் இல்லை.

தோழர்களே! தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. மாதம் 100 வெள்ளியை வட்டியாகத் தொலைக்கும் குடும்பம், அதையே சேர்த்தால் என்ன செய்யமுடியாது?

இன்றிரவே கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. கணக்கை ஒளிக்காத வீட்டில் கடன் நிலைக்காது.